சுகாசினியின் அளவு ஜாக்கெட்

சுகாசினிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தையல் மெஷின் முன்னால் உட்காருவாள்தான், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே காலும் கையும் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போதுகூட அவள் விரல்கள் முந்தானை ஓரத்தில் எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். யார் வீட்டிலாவது காபி கொடுத்தால் நின்றபடியே குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வருவாள். இப்படிப்பட்ட ஒருத்தியை நாற்பத்தெட்டு வயதில் மணப்பெண்ணாக்கி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு தோட்டத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்காரவைக்கப் பார்த்தார்கள். நடக்கிற காரியமா?

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவிலிருந்து ஒரு சந்து பிரிகிறது. அந்தச் சந்தில் ஒற்றை ஷட்டர் போட்ட கடை அவளுடையது. கல்யாணப் புடவை எடுக்கிறவர்கள் கையோடு ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டு நேராக அங்கேதான் வருவார்கள். அப்பா வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவர். அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். அம்மா காய்ச்சலில் போனபோது தம்பி விமல்ராஜ் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தலை சீவிவிட்டதும் சோறு கட்டிக் கொடுத்ததும் அவள்தான். சர்ச்சில் நடந்த தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு, தினம் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வந்து, யாரோ ஒருவர் கடையில் காஜா எடுத்து, கொக்கி வைத்து, கடைசியில் தனக்கென்று ஒரு மெஷின் போட்டுக்கொண்டாள். தம்பி படித்துக் கார் கம்பெனியில் வேலைக்குப் போய், ஜெசிந்தா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, செவிலிமேட்டில் வீடும் பிடித்துவிட்டான். அவன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி, மைக் செட், மணப்பெண் ஜாக்கெட் எல்லாம் அவள் பொறுப்பு. போட்டோவில் மட்டும் அவள் இல்லை. போட்டோக்காரர் கூப்பிட்ட நேரத்தில் யாருடைய ரவிக்கையிலோ பின் குத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, இருபத்து நாலு வயதில். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்து, ஒரு நாள் வேறிடத்தில் முடித்துவிட்டார்கள். அதற்குள் அவள் தன் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்து முடித்திருந்தாள். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அழுதாளா என்றால், அன்றைக்குத் தம்பிக்குப் பரீட்சை. அதற்குப் பிறகு அவள் தனக்கென்று அளவு பார்த்துத் தைத்ததே இல்லை. மிஞ்சின துணியில் தொளதொளவென்று எதையாவது தைத்து மாட்டிக்கொள்வாள். வாடிக்கைக்காரிகள் கேலி பண்ணுவார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் ஊரில் ஜாக்கெட் தைக்கப் போகும் எந்தப் பெண்ணும் துணியோடு ஒரு அளவு ஜாக்கெட்டும் எடுத்துப் போவாள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சுகாசினி அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "இது எப்ப தைச்சதுமா? ரெண்டு வருசத்துக்கு முன்னயா? அப்ப இது வேற ஒருத்தியோடது. வா, டேப்பு வெக்கலாம்" என்று பிடித்து நிறுத்திவிடுவாள். பிள்ளை பெற்றவர்கள், இளைத்தவர்கள், பெருத்தவர்கள் எல்லோரும் அந்தச் சின்னக் கடையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். "ஆடாம நில்லுமா" என்பது அவள் வாயில் ஓயாமல் வருகிற வார்த்தை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒரு ஆள் சைக்கிள் கேரியரில் மெத்தை கனத்துக்கு ஒரு துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். ஜாகீர் பங்களாவின் தோட்டக்காரர், பெயர் ஜோசுவா. பங்களாவின் ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடிக்க வேண்டும், எந்தக் கடையிலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்றார்.

"நான் ஜாக்கெட் தைக்கிறவ. பந்தல் தைக்கிறவ இல்ல" என்றாள் சுகாசினி.

"அதான் எல்லாரும் சொல்றாங்கமா" என்று அவர் மூட்டையை மறுபடி கட்ட ஆரம்பித்தார். எரிச்சலோ வருத்தமோ இல்லாமல், நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாக அவர் போட்டதைப் பார்த்து அவளுக்குத்தான் எரிச்சல் வந்தது. "இங்க குடுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்ல" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஜாகீர் பங்களா செவிலிமேட்டைத் தாண்டி பாலாற்றுப் பக்கம் இருக்கிறது. நவாபு காலத்தில் ஒரு ஜாகீர்தார் கட்டினது என்பார்கள். பிறகு ஒரு துரை இருந்தாராம், பிறகு சென்னைக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்தது. சுண்ணாம்புச் சுவர், கட்டிப் பிடித்தாலும் கைக்கு அடங்காத தூண்கள், பின்னால் மாந்தோப்பு, நடுவில் ஒரு பெரிய நாகலிங்க மரம். சொந்தக்காரர்கள் இப்போது அதைச் சின்னக் கல்யாணங்களுக்கு விடுகிறார்கள். சென்னையிலிருந்து முப்பது நாற்பது பேர் வந்து, புல்தரையில் வெள்ளை நாற்காலி போட்டு, கண்ணாடிக் கோப்பையில் ஜூஸ் குடித்து, சத்தமில்லாமல் தாலி கட்டிக்கொண்டு போவார்கள். மரங்களில் விளக்குச் சரம் கட்டுவது ஜோசுவாவின் வேலை. மனைவி இறந்து ஒன்பது வருஷமாக அங்கேயே, பின்கட்டு அறையில் தனியாக இருந்தார். பிள்ளை கிடையாது.

திரைகளுக்கு ஓரம் அடித்து முடிந்தது. அடுத்த மாதம் மேஜை விரிப்பு வந்தது. பிறகு சோபா உறை. வரும்போதெல்லாம் ஒரு பையில் எலுமிச்சையோ கொய்யாவோ இருக்கும். தைக்க ஒன்றும் இல்லாத மாதங்களிலும் கொய்யா வந்தது. கடைசியில் ஒரு நாள் அவர் வாசலில் நின்று, "சுகாசினிமா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"இனிமே கர்ட்டன் தைக்க மாட்டேன்."

"கர்ட்டன் இல்ல."

அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. அவர் கேட்டு முடித்தபோது ஒரு கை தைத்து முடிந்திருந்தது, தப்பான பக்கத்தில். அதைப் பிரித்தபடியே, "எனக்கு நாப்பத்தெட்டு ஆவுது" என்றாள். "எனக்கு அம்பத்தி நாலு" என்றார் அவர். இரண்டு வாரம் அவள் பதில் சொல்லவில்லை. பிறகு சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு.

"யாரும் பாக்கக் கூடாது."

"யாரும் பாக்காம எப்படிமா கல்யாணம்? பாஸ்டராவது பாக்கணும்ல."

ஆராதனை நடக்கும் தகரக் கொட்டகை பஸ் போகிற ரோட்டில் இருந்தது. அங்கே என்றால் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். ஜோசுவா பங்களாக்கார அம்மாவிடம் கேட்டார். புக்கிங் இல்லாத புதன்கிழமை காலையில் தோட்டத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்றாள் சுகாசினி. தம்பி குடும்பம், ஜோசுவாவின் அண்ணன் குடும்பம், பாஸ்டர், சபையில் இரண்டு பேர். வாடிக்கைக்காரிகளிடம் மூச்சு விடவில்லை. நூற்றுக்கணக்கான கல்யாணங்களுக்கு ஜாக்கெட் தைத்தவள்தான். முகூர்த்தத்துக்குப் போயும் இருக்கிறாள். ஆனால் மணப்பெண் அறையிலேயே ஊசியும் கையுமாக நின்றுவிட்டு, கெட்டிமேளத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டபடி கீழே சிந்தின பின்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் இப்போது மகளும் மருமகளும் வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் போய், நான் இப்போதுதான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வாள்? சிரிப்பார்கள் என்று நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

புடவை ஜோசுவா எடுத்துக் கொடுத்தது. வெள்ளை வேண்டாம், ஆவி மாதிரி இருக்கும் என்று அவள் சொல்லிவிட்டதால் வாழைக்குருத்துப் பச்சையில், அரக்குக் கரை போட்ட பட்டு. ஜாக்கெட் துணியை எடுத்து வைத்தாள். ஆவணி முகூர்த்தம் நெருங்கியதால் அடுத்தவர் துணி மலையாகக் குவிந்திருந்தது. தன்னுடையதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். வேலையால்தான் தள்ளிப்போனதா என்றால், பாதி அதுதான். மீதி, அந்தத் துணியைத் தொட்டாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தனக்குத் தானே டேப் வைக்க முடியாது. கையை உயர்த்தினால் அளவு மாறிவிடும். இன்னொருத்தியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்ல வேண்டும், சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். அதனால் ஊரில் யார் செய்தாலும் தான் திட்டுகிற ஒரு காரியத்தை அவளே செய்தாள். பெட்டிக்கு அடியிலிருந்து அந்த இருபத்து நாலு வயது ஜாக்கெட்டை எடுத்து, துணிமேல் வைத்து, சாக்பீஸால் வரைந்து வெட்டிவிட்டாள். நான் அப்படியேதானே இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு. கண்ணாடி பார்க்க நேரமில்லாதவளுக்கு வேறென்ன நினைப்பு வரும்! மற்றவர்களுக்கு உள்தையலில் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பவள், தனக்குச் சிக்கென்று வெட்டினாள். கொக்கி வைத்தது செவ்வாய்க்கிழமை. போட்டுப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஜாகீர் பங்களாவின் பக்கவாட்டு அறையில் ஜெசிந்தா அவளுக்குத் தலை சீவி மல்லிகை வைத்துவிட்டாள். அதற்குள் சுகாசினி நாலு முறை எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டாள். வெளியே நாகலிங்க மரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தன. இரவு மழை பெய்திருந்ததால் ஜோசுவா ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விமல்ராஜ் பிரியாணி அண்டா எடுத்துவர வாலாஜாபாத் போயிருந்தான். இத்தனை பெரிய தோட்டத்தில் பத்தே நாற்காலிகள். மண்டபமாக இருந்தால் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம். பத்து நாற்காலிக்கு முன்னால் எங்கே போய் ஒளிவது?

"அண்ணி, ஜாக்கெட் போடுங்க" என்றாள் ஜெசிந்தா.

கை உள்ளே போனது, முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இழுத்து ஏற்றினார்கள். முன்பக்கம் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே நாலு விரல் நுழையும் இடைவெளி நின்றது. ஜெசிந்தா மூச்சை அடக்கச் சொன்னாள், அடக்கினாள். ஒரு கொக்கிகூட எட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்ததில் அக்குள் தையல் 'டர்' என்றது.

"அய்யோ அண்ணி! நீங்களே டைலரு, பாத்துத் தைக்கலயா?"

சுகாசினி அதைக் கழற்றிப் பையில் போட்டாள். வரும்போது போட்டிருந்த தொளதொள ஜாக்கெட்டையும் நூல் புடவையையும் மாட்டிக்கொண்டு, "கொக்கி வாங்கிக்கினு இதோ வந்துடறேன்" என்று சொல்லிப் பின்பக்கமாக இறங்கினாள். கொக்கி எதற்கு என்று ஜெசிந்தா கேட்பதற்குள் அவள் மாந்தோப்பைக் கடந்துவிட்டாள். செல்போன் கட்டில்மேலேயே கிடந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்தது. ஏறினாள். தலையில் பூவும் கையில் மருதாணியுமாக இருந்தவளைக் கண்ணாடியில் பார்த்து ஆட்டோக்காரர் கேட்டார்: "இன்னாமா, விசேஷமா?"

"ஆமாம்பா."

"யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

ஆட்டோ செவிலிமேட்டு வீடுகளைத் தாண்டி ஊருக்குள் ஓடியது. மிச்சத் துணி கடையில் இருக்கிறது, பக்கத்தில் ஒட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும், அதற்குத்தான் போகிறேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆட்டோ வேகமெடுக்க எடுக்க நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது, அது அவளை பயமுறுத்தியது. ஒட்டுப் போட ஓடுகிறவளுக்கு ஏன் இவ்வளவு நிம்மதி? தப்பித்து ஓடுகிறேனோ? இப்படியே கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டால் யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்? ஜோசுவா சண்டை போடுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு மூட்டையைக் கட்டின மாதிரி நிதானமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போய்விடுவார் என்ற நினைப்பு மட்டும் முள்ளாகக் குத்தியது.

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். விளக்கைப் போட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பச்சை ஜாக்கெட்டை எடுக்க வேண்டும். கை அங்கே போகவில்லை. மெஷின் மேல் யாருடையதோ பாதியில் நின்ற ஒரு மெரூன் ஜாக்கெட் கிடந்தது. அதை எடுத்து மிதிக்க ஆரம்பித்தாள். சக்கரம் சுற்றியதும் படபடப்பு அடங்கியது. ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் முடித்து, கழுத்துக்குப் பைப்பிங் வைத்தாள். பத்து மணிக்குக் கல்யாணம் என்பது வேறு யாருக்கோ நடக்கிற விஷயம் போலத் தூரத்தில் இருந்தது.

"சுகாசினி! பாதி ஷட்டர் போட்டுக்கினு இன்னா பண்றே? என் மருமக ஜாக்கெட் ஆச்சா?"

குனிந்து உள்ளே நுழைந்தவள் மங்கையர்க்கரசி. நெசவுக்காரத் தெருவில் பேர் சொல்லும் வீடு, இரண்டு தறி, இருபது வருஷ வாடிக்கை, வாய் கொஞ்சம் பெரிசு. தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்லது கெட்டது நடந்ததில்லை. மருமகள் வளைகாப்புக்குத்தான் அந்த மெரூன் ஜாக்கெட்.

"இதோ முடிச்சிக்கினே இருக்கேங்க்கா" என்றாள் சுகாசினி தலை நிமிராமல்.

மங்கையர்க்கரசி பூவைப் பார்த்தாள். மருதாணியைப் பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் பையிலிருந்து எட்டிப் பார்த்த பச்சைப் பட்டைப் பார்த்தாள், எடுத்து விரித்தே பார்த்துவிட்டாள். "இது யாரோடது? சின்னப் பொண்ணுதா?" என்று கேட்டவள் நிறுத்திக்கொண்டாள். "ஏய். இது உன்னுதா?"

பொய் சொல்ல நேரமில்லை. சொல்லிவிட்டாள். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும், தையலை நிறுத்தாமலே.

"இப்ப மணி இன்னா?"

"பத்தாவப் போவுது."

"பத்து மணிக்குக் கல்யாணத்த வெச்சிக்கினு என் மருமக ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வெச்சிக்கினு இருக்கிறியா?" மங்கையர்க்கரசி மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "என் வீட்ல நாலு கல்யாணம். நாலுக்கும் நீதான் தைச்ச. முகூர்த்தத்தன்னிக்கு எங்கூடவே நின்ன. உன் கல்யாணம்னா நான் யாரோவா?"

அவள் குரலில் கோபத்தைவிட வலி அதிகமாக இருந்தது. சுகாசினி இதை எதிர்பார்க்கவில்லை. கேலிக்குத்தான் ஒரு மாதமாகக் கவசம் போட்டிருந்தாள்.

"சிரிப்பாங்கன்னு பயந்தேன்க்கா" என்றாள். "இந்த வயசுல..."

"சிரிப்பாங்கதான். நானே சிரிப்பேன். சிரிச்சிட்டு, சாப்ட்டுட்டு, ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போவோம். அதுக்கு ஒருத்தி ஓடியா வருவா?" மங்கையர்க்கரசி பச்சை ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து அவளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த அளவ வெச்சி வெட்ன?"

"பழைய அளவு ஜாக்கெட் ஒண்ணு."

"எங்களத் திட்டுவியே!" சிரிப்பு அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. சொன்னபடி சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கை நீட்டி ஆணியில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டாள். "எழுந்திரு. கையத் தூக்கு."

"வேணாம்க்கா, நானே ஒரு உத்தேசமா..."

"தூக்குன்றேன்ல."

தூக்கினாள். இத்தனை வருஷத்தில் அந்த டேப் அவளைச் சுற்றி வந்ததில்லை. கூச்சத்தில் நெளிந்தாள், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். "ஆடாம நில்லுடி" என்று அதட்டிவிட்டு மங்கையர்க்கரசி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தாள். "முப்பத்தெட்டு."

"தப்பாப் பாக்கறீங்க."

"முப்பத்தெட்டுதான். நீ வேணா பாரு."

பார்த்தாள். முப்பத்தெட்டு. பழைய ஜாக்கெட் முப்பத்திரண்டு. சுகாசினிக்குச் சிரிப்பு வந்தது. எவளோ ஒரு ஒல்லிப் பெண்ணுக்காக இத்தனை நாள் பெட்டிக்கு அடியில் ஒரு ஜாக்கெட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். அந்தப் பெண் எப்போதோ போய்விட்டாள். வந்து நிற்பவள் முப்பத்தெட்டு, அவளைத்தான் ஜோசுவா கேட்டிருக்கிறார். இதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க வேகமாக மிச்சத் துணியைத் தேடினாள்.

இரண்டு பக்கத் தையலையும் கைத் தையலையும் பிரித்தாள். கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை பச்சைப் பட்டில் இரண்டு பட்டை வெட்டி ஒட்டுக் கொடுத்தாள். அவசரத்தில் ஊசி முறிந்தது. புது ஊசியை மாட்டினாள், மங்கையர்க்கரசிதான் நூல் கோத்துக் கொடுத்தாள். கடையிலேயே போட்டுப் பார்த்தார்கள். கொக்கிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. மூச்சு விட இடம் இருந்தது.

"நானும் வர்றேன்" என்றாள் மங்கையர்க்கரசி, ஷட்டரை இழுத்தபடி. "கூப்பிடாத எடத்துக்கு இதுவரைக்கும் போனதில்ல. இன்னிக்குப் போறேன்."

"கூப்பிடறேங்க்கா. வாங்க."

ஜாகீர் பங்களாவின் பின்கேட்டில் அவர்கள் இறங்கியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. ஜெசிந்தா ஓடிவந்து அழுகையும் கோபமுமாக என்னென்னவோ சொன்னாள். விமல்ராஜ் அக்காவைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறானாம். பாஸ்டர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜோசுவாவின் அண்ணி, கேட்கும்படியாகவே, "இதுக்குத்தான் இந்த வயசுல வேணான்னது" என்றாள். மங்கையர்க்கரசி அந்த அம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

ஜோசுவா வெள்ளை வேட்டி சட்டையோடு கிணற்றடியில் நின்று குழாயால் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரவெல்லாம் மழையில் நனைந்த தொட்டிகள். தண்ணீர் வழிந்து வேட்டிக் கரையெல்லாம் சேறு. சுகாசினி கிட்டே போய் நின்றாள்.

"கொக்கி கெடச்சுதா?" என்றார் அவர்.

"கொக்கி வாங்கப் போவல."

"தெரியும். நீங்க ஆட்டோ ஏறினத மரத்தடியிலேர்ந்து பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் கூப்பிடல?"

அவர் குழாயை மூடினார். "கூப்ட்டிருந்தா திரும்பி வந்திருப்பீங்க. அப்பறம் ஆயுசுக்கும், இவரு கூப்ட்டாரேன்னுதான் வந்தோம்னு உங்களுக்குத் தோணிக்கினே இருக்கும்." தரையைப் பார்த்துச் சொன்னார்: "வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் சுகாசினி. அவர் முகத்தைப் பார்த்தபோது இந்த இரண்டு மணி நேரமும் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று புரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தாள். அதற்குப் பதில், "வேட்டிய மாத்திக்கினு வாங்க. சேறு" என்றுதான் வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

பச்சைப் புடவையில் அவள் வெளியே வந்தபோது பத்து நாற்காலிகளும் திரும்பிப் பார்த்தன. பதினோராவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மங்கையர்க்கரசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தேடி அலைந்து திரும்பிய விமல்ராஜ் வியர்வையோடு ஓரமாக நின்றான். அக்காவைப் பார்த்ததும் திட்டவேண்டுமென்று வைத்திருந்ததையெல்லாம் மறந்து, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். எல்லோரும் பார்க்கிறார்கள். சுகாசினிக்குக் கால் பரபரத்தது, விரல்கள் முந்தானையைப் பிசைந்தன. நாகலிங்கப் பூ ஒன்று தொப்பென்று அவள் பக்கத்தில் விழுந்தது, துள்ளிப் போனாள். ஆனால் நின்றாள்.

பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் முடிந்து பாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். ஜோசுவாவிடம் கேட்டார். அவர் வழக்கம்போல நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, சம்மதம் என்றார். பிறகு பாஸ்டர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"சுகாசினியாகிய நீ, ஜோசுவாவாகிய இவரை..."

"சம்மதம்" என்றாள் சுகாசினி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மங்கையர்க்கரசியாகத்தான் இருக்க வேண்டும். பாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சகோதரி, நான் இன்னும் கேட்டு முடிக்கல."

"முடிங்க பாஸ்டர். மறுபடியும் சொல்றேன்."

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். சுகத்திலும் நோயிலும் என்று அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வர, சுகாசினி உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி வார்த்தை வரை பொறுத்திருந்தாள். பிறகு முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னாள்.